பள்ளி உணவுப் பெட்டி: குப்பையைக் குறைத்துக் கட்டிக்கொடுக்கும் முறைகள்

பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் உணவிலிருந்து இரண்டு வகைக் குப்பை உண்டாகிறது. உணவைச் சுற்றிய தாள், பை, உறை, குழல், கரண்டி ஆகியவை முதல் வகை. குழந்தை உண்ணாமல் விட்ட உணவு இரண்டாம் வகை. முதல் வகை கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். இரண்டாம் வகை பெரும்பாலும் பள்ளியின் குப்பைத் தொட்டியிலேயே முடிந்துவிடுவதால் பெற்றோர் அதனை அறிவதில்லை. இவ்விரண்டையும் குறைக்க வீட்டில் செய்யத்தக்கவை எவை, ஜுபைலின் வெப்பத்தில் உணவு கெடாமல் காப்பது எவ்வாறு என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ்நாடு, புதுச்சேரி, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து வந்து இங்கு வாழும் குடும்பங்களுக்கு இதில் ஒரு பகுதி பழகிய செய்தியே. எவர்சில்வர் டப்பாவும் தூக்குவாளியும் துணிப்பையும் தமிழர் வீடுகளில் இயல்பாக இருந்தவை. இங்குள்ள காலை நேர அவசரமும், தெருமுனை பக்காலாவில் எளிதில் கிடைக்கும் சிறு பொட்டலங்களும் அவற்றை மெல்ல ஒதுக்கிவிட்டன.

ஓராண்டின் கணக்கு

ஒரு குழந்தையின் ஒரு நாள் உணவை எடுத்துக்கொள்வோம். சப்பாத்தியைச் சுற்றிய அலுமினியத் தாள் ஒன்று, பிஸ்கட் உறை ஒன்று, பழச்சாற்று அட்டைப்பெட்டி ஒன்று, அதன் குழல் ஒன்று, இவற்றைப் போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் பை ஒன்று. ஆக ஐந்து பொருள்கள். பள்ளி நாள்கள் ஆண்டுக்கு 200 எனக் கொண்டால் ஒரு குழந்தைக்கு 1,000 பொருள்கள் ஆகின்றன. முப்பது குழந்தைகள் உள்ள ஒரு வகுப்பில் அது 30,000 ஆகிறது. காலை ஆறு மணிக்குக் கையில் எடுக்கப்படும் இப்பொருள்கள் பத்து மணிக்குள் குப்பையாகிவிடுகின்றன.

இவற்றை மறுசுழற்சிக்கு அனுப்பிவிடலாம் என்று எண்ணுவது எளிது, நடைமுறை அவ்வாறில்லை. எண்ணெயும் உணவுத்துகளும் படிந்த அலுமினியத் தாள் மறுசுழற்சிக்கு ஏற்றதன்று. பழச்சாற்று அட்டைப்பெட்டி காகிதம், பாலிஎத்திலீன், அலுமினியம் ஆகிய அடுக்குகள் ஒட்டப்பட்டது. அவற்றைப் பிரிப்பதற்குத் தனி ஆலை வேண்டும். சிப்ஸ், பிஸ்கட் உறைகளும் அத்தகைய பல அடுக்குப் பொருள்களே. ஆகவே இவ்வகைக் குப்பையை உண்டாக்காமல் இருப்பதே சிறந்த வழி.

‘சிதையக்கூடியது’ என்னும் முத்திரை பெற்ற பைகளைக் குறித்தும் ஒரு சொல். சவூதி அரேபியாவில் 2017 முதல் மெல்லிய பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றிற்கு ஆக்சிஜன்வழிச் சிதையும் கலவை கட்டாயமாக்கப்பட்டது. அப்பைகளும் சிதைவதற்கு வெயில், காற்று, காலம் மூன்றும் வேண்டும். சிதையும்போது முதலில் சிறு துணுக்குகளாகவே உடைகின்றன. முத்திரை இருப்பதால் பைகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று கொள்ளுதல் தவறு.

இவ்வூருக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

ஜுபைல் தொழில்நகரின் ஆலைகளில் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் ஆகிய பிளாஸ்டிக் மூலப்பொருள்கள் பெருமளவில் உற்பத்தியாகி உலகெங்கும் செல்கின்றன. குழாய், மருத்துவக் கருவி, வாகன உறுப்பு என நெடுங்காலம் உழைக்கும் பொருள்களாக அவை மாறுகின்றன. தமிழ்க் குழந்தைகள் பலருடைய தந்தையர் பணிபுரிவதும் இத்தொழில்களிலேயே. பெரும் பொருட்செலவிலும் உழைப்பிலும் உருவாகும் ஒரு பொருள், ஒரு சிற்றுண்டி இடைவேளையோடு வீசப்படுவது அவ்வுழைப்புக்கும் இழப்பேயாகும்.

வீசப்பட்ட பை வீசிய இடத்தில் நிற்பதில்லை. வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் காற்று மெல்லிய பைகளைப் பாலைவனத்திற்கும் கடலுக்கும் கொண்டு செல்கிறது. ஜுபைலுக்கு அப்பால் கடலில் உள்ள கரான் முதலிய தீவுகளின் மணற்கரைகளில் பச்சைக் கடலாமைகளும் அழுங்காமைகளும் முட்டையிடுகின்றன. நீரில் மிதக்கும் பையை ஜெல்லிமீன் என்று கருதி ஆமைகள் விழுங்கிவிடுவது உலகின் பல கடல்களில் காணப்பட்டுள்ளது.

பாலைவனத்தின் நிலையும் அதுவே. துபாயிலுள்ள மத்திய கால்நடை ஆராய்ச்சி ஆய்வகத்தினர் 2008 முதல் ஆராய்ந்த சுமார் 30,000 இறந்த ஒட்டகங்களுள் 300 ஒட்டகங்களின் வயிற்றில் பிளாஸ்டிக் பைகள் இறுகிக் கட்டியாகக் கிடந்தன. வயிறு நிறைந்திருப்பதாக உணரும் ஒட்டகம் இரை தின்னாமல் மெலிந்து இறக்கிறது. இத்தகைய காரணங்களை முன்னிட்டு ஐக்கிய அரபு அமீரகத்தில் சட்டங்கள் கடுமையாகியுள்ளன. அபுதாபியில் 2022 ஜூன் முதலும், துபாயில் 2024 ஜூன் முதலும் ஒருமுறை பயன்படுத்தும் கடைப் பைகள் விலக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. விடுமுறையில் ஊர் சென்று வரும் குடும்பங்கள் கடைக்குப் பை எடுத்துச் செல்லும் பழக்கம் அங்கே திரும்பி வருவதைக் கண்டிருக்கக்கூடும்.

பள்ளி உணவில் தமிழர் வழக்கம்

குப்பையின்றிக் குழந்தைகளுக்கு உணவளிப்பது தமிழகத்திற்குப் பழகிய செயலே. சென்னை மாநகராட்சி 1920-ஆம் ஆண்டு ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது. காமராசர் ஆட்சியில் 1956-இல் அது மாநிலம் தழுவிய திட்டமாயிற்று, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் சேர்ந்தது. நாள்தோறும் பல இலட்சம் குழந்தைகள் உண்ணும் இத்திட்டத்தில் குழந்தை தட்டில் உண்டு, அதனைக் கழுவி, மறுநாளும் அதிலேயே உண்கிறது. உறை இல்லை, பொட்டலம் இல்லை. சமைத்த இடத்திலேயே, சமைத்த சூட்டிலேயே பரிமாறப்படுவதால் உணவு கெடும் இடரும் குறைவு.

ஜுபைலில் வீட்டிலிருந்து உணவு கட்டிச்செல்லும் குழந்தைக்கு இவ்வழக்கத்தின் முதற்பாதி எளிது. கழுவிப் பயன்படுத்தும் கலன் போதும். இரண்டாம் பாதி கடினம். சமைப்பதற்கும் உண்பதற்கும் இடையே நான்கு மணி நேரம் செல்கிறது. அந்நேரத்தில் ஒரு பேருந்துப் பயணமும் உண்டு. ஆகவே கலனைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் தனித்தனியே அறிதல் வேண்டும்.

கலனைத் தேர்ந்தெடுத்தல்

எவர்சில்வர் டப்பா எல்லாவற்றிலும் நீடித்து உழைப்பது. வாங்கும்போது 304 என்னும் தரக்குறியீடு உள்ளதா என்று பார்த்தல் நலம். ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த இவ்வகை புளிப்பையும் உப்பையும் தாங்கும். கீழே விழுந்தால் நெளியுமேயன்றி உடையாது. இரண்டு அல்லது மூன்று அறைகள் உள்ள டப்பாவில் சாதமும் பொரியலும் பழமும் ஒன்றோடொன்று கலவாமல் இருப்பதால் தனித்தனி உறைகள் தேவைப்படுவதில்லை.

பிளாஸ்டிக் டப்பா ஏற்கெனவே வீட்டில் இருப்பின் அதனை எறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டியதில்லை. இருப்பதை உழைக்கும் வரை பயன்படுத்துவதே குப்பையைக் குறைக்கும். அடியில் முக்கோணத்தினுள் 5 என்னும் எண் உள்ளது பாலிபுரோப்பிலீன். உணவுக்குப் பரவலாகப் பயன்படுவது. 6 என்னும் எண் உள்ள பாலிஸ்டைரீன் கிண்ணங்களில் சூடான உணவை இடலாகாது. கீறல் விழுந்து மங்கிய டப்பாக்களைத் திருகாணி, பொத்தான் போன்றவற்றை வைக்கப் பயன்படுத்தலாம்.

அலுமினியத் தாளுக்குப் பதிலாகச் சுத்தமான பருத்தித் துணித்துண்டு ஒன்று போதும். சப்பாத்தியோ தோசையோ துணியில் சுற்றினால் ஈரம் உறிஞ்சப்பட்டு நசநசப்பும் குறைகிறது. புளியோதரை, எலுமிச்சை சாதம், தக்காளித் தொக்கு ஆகியவற்றை அலுமினியத் தாளில் கட்டுவதைத் தவிர்த்தல் வேண்டும். புளிப்பும் உப்பும் அலுமினியத்தைக் கரைத்து உணவில் சேர்க்கின்றன.

மூடியைக் குழந்தை தானே திறக்க முடிகிறதா என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்த்தல் இன்றியமையாதது. சிறு வகுப்புக் குழந்தைகள் உணவை மீதம் வைப்பதற்கு இறுகிய மூடியும் ஒரு காரணம். சூடான உணவை இட்டு உடனே மூடினால் உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடி மேலும் இறுகுகிறது.

வெப்பமும் உணவுப் பாதுகாப்பும்

குப்பையைக் குறைக்கும் முயற்சியில் குழந்தையின் வயிறு கெடுமாயின் பயனில்லை. சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும் குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருத்தல் வேண்டும் என்றும், சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் விடலாகாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அக்காலத்தை ஒரு மணி நேரமாகக் கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் விதி. மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் ஜுபைலில் காலை எட்டு மணிக்கே அவ்வளவு வெப்பம் உண்டு. வகுப்பறை குளிரூட்டப்பட்டிருந்தாலும், வெயிலில் நிற்கும் வாகனத்திலும் முற்றத்தில் வைக்கப்படும் பையிலும் உணவு சூடேறுகிறது.

சாதம், புலாவ், சாம்பார் சாதம் போன்றவற்றைச் சூட்டோடு அனுப்ப இரட்டைச் சுவர் உள்ள எவர்சில்வர் வெப்பக்குடுவை ஏற்றது. அதில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் உணவை விளிம்பு வரை நிரப்பி உடனே மூட வேண்டும். வெதுவெதுப்பான உணவை இட்டால் குடுவை அந்த வெதுவெதுப்பையே நெடுநேரம் காத்துக் கிருமிகளுக்குத் துணைபுரிந்துவிடும்.

தயிர்சாதம், பழத்துண்டு, முட்டை ஆகியவற்றை முதல்நாள் இரவே குளிர்பதனப் பெட்டியில் வைத்து, காலையில் வெப்பங்காக்கும் பையில் உறைந்த நீர்ப்புட்டியோடு சேர்த்து அனுப்பலாம். புட்டியில் முக்கால் பங்கு மட்டும் நீர் நிரப்பி உறைய வைக்க வேண்டும். அது உணவைக் குளிர்வித்து, இடைவேளைக்குள் உருகிக் குடிநீராகவும் பயன்படும். கடைப் புட்டி தேவைப்படாது.

தேங்காய்ச் சட்னி விரைவில் கெடுவது. வெயில் மாதங்களில் அதனை விடுத்து நல்லெண்ணெயில் குழைத்த இட்லிப் பொடியைத் தடவி அனுப்புவது நலம். சட்னிக்கென்று தனிக்கிண்ணமும் வேண்டியதில்லை.

இரவு மீந்த சாதத்தை மறுநாள் எலுமிச்சை சாதமாகக் கிளறிக்கொடுப்பது சிக்கனமான பழக்கமே. அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அரிசியிலுள்ள பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் சமைத்தாலும் அழிவதில்லை. சாதம் வெளியில் கிடக்கும்போது அவை பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் நீங்குவதில்லை. ஆகவே மீந்த சாதத்தை அகன்ற தட்டில் பரப்பி ஆறவைத்து ஒரு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். இரவு முழுதும் அடுப்படியில் கிடந்த சாதத்தைக் குழந்தைக்குக் கட்டலாகாது.

ஐந்து நாள்களுக்கு ஒரு மாதிரி

ஞாயிறு: பொடி தடவிய இட்லி, வெள்ளரித் துண்டு, இரண்டு பேரீச்சம்பழம்.
திங்கள்: துணியில் சுற்றிய சப்பாத்தி, உலர்வாக வதக்கிய உருளைக்கிழங்குப் பொரியல், ஆரஞ்சு ஒன்று.
செவ்வாய்: வெப்பக்குடுவையில் காய்கறிப் புலாவ், சிறு டப்பாவில் பொரி.
புதன்: குளிர்ந்த தயிர்சாதம், கேரட் துண்டு, மாதுளை முத்துகள், உறைந்த நீர்ப்புட்டியுடன்.
வியாழன்: வாரத்தில் மீந்த குபூஸில் சுருட்டிய கொண்டைக்கடலைச் சுண்டல், வாழைப்பழம்.

பேரீச்சம்பழம் இப்பகுதிக்கே உரிய செல்வம். 2018-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அல்அஹ்ஸா பாலைச்சோலை இதே கிழக்கு மாகாணத்தில் உள்ளது. அங்கு விளையும் கலாஸ் வகைப் பழம் வெயிலில் கெடுவதில்லை, உறையும் வேண்டுவதில்லை. கொட்டையை நீக்கிக் கொடுத்தால் சிறு குழந்தைகளுக்கும் ஏற்றது.

பிஸ்கட், முறுக்கு, தயிர், பழச்சாறு ஆகியவற்றைப் பெரிய அளவில் வாங்கிச் சிறு டப்பாவில் பிரித்துக் கொடுப்பது உறைகளையும் செலவையும் குறைக்கிறது. வேர்க்கடலை, முந்திரி முதலியவற்றைக் கொடுக்குமுன் பள்ளியின் விதியை அறிந்துகொள்ளல் வேண்டும். உடன்பயிலும் குழந்தைக்கு ஒவ்வாமை இருக்கக்கூடும்.

மீதம் வீடு திரும்பட்டும்

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. சவூதி அரேபியாவில் உணவின் மூன்றில் ஒரு பங்கு வீணாவதாகவும், அதன் மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி ரியால் என்றும் அரசுக் கணக்கெடுப்பு 2019-இல் தெரிவித்தது. உணவில் பெரும்பகுதியைக் கடல் கடந்து தருவிக்கும் நாட்டில் இது சிறு தொகையன்று.

பள்ளி உணவில் இதனைக் குறைக்க ஒரே ஒரு வழக்கம் பெரிதும் உதவும். உண்ணாத உணவையும் பழத்தோலையும் உறைகளையும் பள்ளியில் எறியாமல் பெட்டியிலேயே வைத்து வீட்டிற்குக் கொண்டுவருமாறு குழந்தையிடம் கூறுதல் வேண்டும். மாலையில் பெட்டியைத் திறக்கும் தாயோ தந்தையோ எது உண்ணப்பட்டது, எது தொடப்படவே இல்லை என்பதை நேரில் காண்கின்றனர். நான்கு இட்லியில் ஒன்று நாள்தோறும் திரும்பினால் மூன்று போதும். பொரியல் மட்டும் திரும்பினால் வேறு காய் வேண்டும். எதுவுமே தொடப்படாதிருந்தால் நேரம் போதவில்லையா, மூடி திறக்கவில்லையா, உடல்நலம் குன்றியதா, அருகிருந்தோர் உணவின் மணத்தைக் கேலி செய்தனரா என்று விசாரிக்கலாம். இவற்றுள் இறுதியானது அயல்நாட்டில் வளரும் குழந்தைகளுக்கு நேர்வதுண்டு. பெட்டி காலியாக வந்தால் அது தெரியாமலே போய்விடும். நல்ல உணவைத் தொட்டியில் கொட்டிவிட்டு நாள் முழுதும் பசியோடு இருக்கும் குழந்தையின் பெட்டியும் காலியாகவே வீடு வரும்.

இவ்வழக்கம் நிலைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மீதம் கொண்டுவந்ததற்காகக் குழந்தையைக் கடிந்துகொள்ளலாகாது. ஒருமுறை கடிந்தால் மறுநாள் முதல் மீதம் பள்ளித் தொட்டிக்கே செல்லும். “எது பிடிக்கவில்லை?” என்று இயல்பாகக் கேட்டால் குழந்தை உண்மையைக் கூறும்.

திரும்பிய சாதம், குழம்பு, தயிர், முட்டை ஆகியவற்றை யாரும் உண்ணலாகாது. அவை நெடுநேரம் வெப்பத்தில் இருந்தவை. உரிக்காத பழம், பேரீச்சம்பழம், முறுக்கு போன்ற உலர்ந்த பண்டங்களை மட்டும் பயன்படுத்தலாம். சில வாரங்களில் அளவு சரியாகிவிட்டால் திரும்பும் மீதமும் தானே குறைந்துவிடும்.

கழுவுதலும் காத்தலும்

பெட்டியை வீடு திரும்பியவுடன் திறந்து கழுவ வேண்டும். மறுநாள் காலை வரை மூடியே வைத்தால் வாடை பிடித்துவிடும். மூடியிலுள்ள ரப்பர் வளையத்தை வாரம் ஒருமுறையேனும் கழற்றிக் கழுவி உலர்த்தாவிடில் அதனடியில் பூஞ்சை படியும். நீர்ப்புட்டியின் குழலுக்குச் சிறு தூரிகை வேண்டும். துணித்துண்டுகள் ஐந்து இருந்தால் வாரம் முழுமைக்கும் போதும். அவற்றைப் பள்ளிச் சீருடையோடு சேர்த்துத் துவைத்துவிடலாம். பெட்டி, மூடி, கரண்டி, புட்டி, பை ஆகிய ஐந்திலும் குழந்தையின் பெயரும் வகுப்பும் எழுதியிருப்பது நலம். தொலைந்த கலனுக்கு மாற்றாகப் புதிது வாங்குவதும் வீண் செலவே.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. முதல் வாரத்தில் அலுமினியத் தாளுக்குப் பதில் துணி, இரண்டாம் வாரத்தில் பழச்சாற்றுப் பெட்டிக்குப் பதில் நீர்ப்புட்டி, மூன்றாம் வாரத்தில் சிறு பொட்டலங்களுக்குப் பதில் சிறு டப்பா என்று வரிசையாக மேற்கொள்ளலாம். மீதத்தை வீட்டிற்குக் கொண்டுவரும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே தொடங்கலாம்; அதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.